சத்தக்காவின் துடைப்பம்

சத்தக்கா வாயைத் திறந்தால் தேவாலயத்து மணிக்கு வேலையில்லை என்று சபையில் எல்லோரும் சொல்வார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மணிக்கயிறு அறுந்துபோனபோது, உண்மையாகவே அவளை வாசலில் நிறுத்தி ஆராதனைக்கு ஆள் கூப்பிடச் சொன்னார்கள். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "போதும் தூங்கினது, எல்லாரும் எந்திரிச்சு வாங்க!" என்று ஒரு சத்தம் போட்டாள். அன்றைக்கு வந்த கூட்டம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கும் இருக்கிறது. கேட்டால் அவளே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வாள்.

தேவாலயத்தைக் கூட்டிப் பெருக்குவது அவள் வேலை. கல்யாணமாகி வந்த வாரத்தில் கையில் எடுத்த துடைப்பத்தை இன்னும் கீழே வைக்கவில்லை. தரையில் சொட்டிய மெழுகை மொட்டைக் கத்தியால் சுரண்டுவது, பித்தளை விளக்குத் தண்டுகளைத் தேய்ப்பது, பாட்டுப் புத்தகங்களை அடுக்குவது, பெஞ்சுக்கு அடியில் பிள்ளைகள் ஒட்டிவைத்த சூயிங்கத்தைப் பிய்ப்பது எல்லாம் அதில் அடக்கம். எந்தச் சூயிங்கம் எந்த வீட்டுப் பிள்ளையுடையது என்றுகூட அவளுக்குத் தெரியும். அடுத்த வாரம் வாசலிலேயே காதைப் பிடித்துவிடுவாள்.

அவள் கணவர் மணியடிப்பார், விளக்குப் போடுவார், சபையில் யாராவது இறந்தால் குழி வெட்டுவார். அதனால் அவருக்குக் குழிக்காரர் என்றே பெயர். அவள் வாய் ஓயாது, அவர் வாய் திறக்காது. ஒரு வார்த்தை பேசினால் பல் உதிர்ந்துவிடும் என்று யாரோ சொல்லிப் பயமுறுத்திய மாதிரி இருப்பார். "இந்த ஊமைக்கோட்டானைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு கதவைக் கட்டியிருந்தாலாவது திறக்கும்போது கிரீச்சுன்னு சத்தம் வந்திருக்கும்" என்று அவர் காதுபடவே சொல்வாள். அவர் அதற்கும் பேசமாட்டார்.

தேவாலயத்துக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம். அதன் நட்டநடுவில் ஒரு பெரிய வெள்ளைப் பளிங்குக் கல். அது பெரிய வீட்டம்மாவுடையது. அந்த அம்மாவின் கணவர் அந்தக் காலத்தில் சபைத் தலைவர்; மகன் இப்போது சபைச் செயலாளர். கல்லைச் சனிக்கிழமைதோறும் கழுவ வேண்டும் என்பது பெரிய வீட்டு உத்தரவு. சத்தக்கா கழுவுவாள். அவள் கழுவுகிற அழகைப் பார்க்க வேண்டுமே! எட்ட நின்று வாளித் தண்ணீரை வீசுவாள், துடைப்பத்தால் ஒரு இழுப்பு இழுப்பாள், அவ்வளவுதான். அதுமட்டுமா? தினமும் கூட்டி முடித்ததும் துடைப்பத்துத் தூசியைத் தட்ட அவளுக்கு வாகான இடம் அந்தக் கல்லின் விளிம்புதான். டக், டக் என்று தோட்டமே அதிரத் தட்டுவாள். "நல்லா வாங்கிக்கோ" என்று ஒரு வார்த்தையும் கூடவே போகும்.

குழிக்காரர் நேர் எதிர். ஞாயிறு கழிந்து பீடத்தில் வாடத் தொடங்கும் பூக்களை எடுத்துக்கொண்டுபோய் அந்தக் கல்லின் மேல் வைப்பார். மாலையில் வேலை முடிந்து அதன் ஓரத்தில் உட்கார்ந்துதான் முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பார். பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"செத்தும் உங்களுக்கு எஜமானி அவங்கதானா? இன்னும் எத்தனை நாளைக்கு இந்த ஜால்ரா?" என்பாள்.

அவர் தைலப் புட்டியை மூடி வைத்துவிட்டு எழுந்து போவார்.

அவள் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பெரிய வீட்டம்மாவுக்கு இரவில் தனியாகப் படுக்கப் பயம். கணவர் வெளியூர் போகும் நாளெல்லாம், குழிக்காரன் பெண்டாட்டியைத் துணைக்கு வரச் சொல் என்று ஆள் வந்து நிற்கும். புதுப்பெண்ணாக இருந்தபோதும் போனாள், வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிறைமாதமாக இருந்தபோதும் போனாள். கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்து இமை மூடினால் போதும், மேலிருந்து குரல் வரும். "தூங்கிட்டியா? தூங்காதே, ஏதாவது பேசு." சத்தக்காவுக்கு இவ்வளவு பேச்சு வந்ததே அந்தப் பாயில்தான் என்று நான் நினைக்கிறேன்.

அந்த அம்மா நோயில் விழுந்து இறந்தார். அடக்கத்தன்று காலையில்தான் சத்தக்காவுக்கு முதல் பிள்ளை பிறந்தான். கொஞ்ச நேரம் மூச்சு விட்டான், அப்புறம் விடவில்லை. ஞானஸ்நானம் கொடுக்கப் போதகரைக் கூப்பிட ஓடினார்கள். அவர் பெரிய வீட்டுக் கூட்டத்துக்குள் இருந்தார், செய்தி அவரிடம் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது என்பது அந்தக் காலத்து வழக்கம். குழிக்காரர் சபைத் தலைவரிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். "சுவருக்கு வெளிய எங்கயாவது பாத்துக்கோ. முதல்ல இங்க ஆகவேண்டிய குழியை முடி" என்று பதில் வந்தது. பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனிதர் அன்றைக்கு என்ன சொல்கிறோம் என்று அறிந்து சொன்னாரோ என்னவோ. ஆனால் சொன்னார்.

மெழுகுவத்தி வந்திறங்கும் மரப்பெட்டி ஒன்றில் பிள்ளையை வைத்து, மதியம் கொட்டுகிற மழையில் குழிக்காரர் எடுத்துக்கொண்டு போனார். மாலையில் மழை விட்டது. பெரிய வீட்டம்மாவை அடக்கம் செய்ய ஊரே திரண்டு வந்து பாடியது. அந்தப் பாட்டு, தோட்டத்தை ஒட்டி அவர்கள் குடியிருந்த இரண்டு அறை வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. மார்பில் பால் கட்டி ரவிக்கை நனைந்து கிடந்த சத்தக்கா தலையணையை எடுத்துக் காதைப் பொத்திக்கொண்டாள். அவங்களுக்கு அத்தனை பாட்டு, எம்பிள்ளைக்கு ஒரு வரி இல்லையே என்று நினைத்தாள். அந்த நினைப்பு அதற்குப் பிறகு அவளை விட்டுப் போகவேயில்லை.

"எங்க வெச்சீங்க?" என்று கேட்டதற்குக் குழிக்காரர், "சுவருக்கு வெளிய. குழாய்கிட்ட" என்றார். எழுந்து நடக்க முடிந்த அன்றே அவள் அங்கே போய் ஒரு நித்தியகல்யாணிச் செடியை நட்டாள். அது வேர்பிடித்து, விதை விழுந்து, சின்னப் புதராகவே ஆகிவிட்டது. ஊர் முழுக்கச் சத்தம் போடுகிறவள் அந்த இடத்தில் மட்டும் வாயைத் திறக்கமாட்டாள். அடுத்தது மகள் பிறந்தபோது, பிள்ளையைக் குளிப்பாட்டுவதற்கு முன்னாலேயே போதகரைக் கட்டிலுக்கு இழுத்து வந்து ஞானஸ்நானம் கொடுக்கவைத்தாள். மகள் வளர்ந்து கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். தனக்கு ஓர் அண்ணன் இருந்தது அவளுக்கே தெரியாது.

இப்படி இருக்கும்போதுதான் தேவாலயத்தைப் புதுப்பிக்கும் பேச்சு வந்தது.

புதிதாக வந்த போதகர் சின்ன வயது, துறுதுறுப்பு. ஞாயிறு ஒருநாள் மட்டும் திறந்துவிட்டு மற்ற நாளெல்லாம் பூட்டி வைக்கவா இவ்வளவு பெரிய இடம் என்று கேட்டார். கட்டிடத்தையும் சுற்றியுள்ள நிலத்தையும் ஊருக்கே பயன்படுகிற மாதிரி மாற்றலாம் என்றார். செயலாளர் கட்டிட வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உட்கார்ந்து வரைபடம் போட்டுவிட்டார். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதைச் சுவரில் ஒட்டி, கையில் அளவுகோலை வைத்துக்கொண்டு விளக்கினார். ஆணியடித்த பெஞ்சுகள் போய், வேண்டும்போது நகர்த்துகிற நாற்காலிகள் வரும். படி ஏற முடியாதவர்களுக்குச் சரிவுப் பாதை. பக்கவாட்டு மண்டபம் வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடமாகும். தனியாக இருக்கும் வயதானவர்களுக்குச் சமைத்துக் கொடுக்க ஒரு சமையலறை. கல்லறைத் தோட்டம் அப்படியே இருக்கும், அதற்குள் நடைபாதையும் உட்காரும் திண்டுகளும் மட்டும் வரும். பின்சுவரை இடித்து, வெளியே சும்மா கிடக்கும் நிலத்தையும் சேர்த்துக்கொள்வார்கள்.

எல்லோரும் கைதட்டினார்கள். சத்தக்காவும் தட்டினாள். "பெஞ்சு போகுதா? அப்பாடா, சூயிங்கத்துக்கு விடுதலை!" என்று அவள் சொன்னதும் ஒரே சிரிப்பு. அதே சிரிப்போடு வரைபடத்தின் பக்கத்தில் போய்த் துடைப்பக் காம்பால் ஓர் இடத்தைக் காட்டினாள்.

"இந்த நீலப் பெட்டி என்ன சார்? சுவத்துக்கு வெளிய போட்டிருக்கீங்களே."

"அதுவாம்மா, டாய்லெட். இத்தனை பேர் வந்து போகப்போறாங்க, வேணாமா? குழாய் அங்கயே இருக்கு, தண்ணி இழுக்கச் சுலபம்" என்றார் செயலாளர்.

சத்தக்கா அப்படியே நின்றாள். துடைப்பம் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவள் கையிலிருந்து துடைப்பம் விழுந்து யாரும் பார்த்ததில்லை, அதனால் அந்தச் சின்னச் சத்தத்துக்கே எல்லோரும் திரும்பினார்கள்.

"அங்க எம்பிள்ளை இருக்கான்யா!" என்று அலறினாள். "எம்பிள்ளை தலை மேல கக்கூசு கட்டப்போறீங்களா?"

அவள் சொன்னாள். இத்தனை காலம் ஒரு வார்த்தையும் வெளியே விடாமல் வைத்திருந்ததை, சபைத் தலைவர் சொன்ன பதில், மழை, மரப்பெட்டி, தலையணை, நித்தியகல்யாணி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். தங்கள் காலடியில் இப்படி ஒன்று நடந்திருப்பது அங்கே ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. தினமும் பார்த்துச் சிரித்துப் பேசுகிற பெண் அவள். அவள் ஏன் அந்தச் செடிக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுகிறாள் என்று ஒருவருக்காவது கேட்கத் தோன்றியதா?

செயலாளர் அளவுகோலைக் கீழே வைத்தார். "எங்கப்பாவா அப்படிச் சொன்னாரு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"உங்கப்பாதான் சார்."

போதகர்தான் முதலில் சுதாரித்தார். "அந்தச் சட்டமெல்லாம் இப்ப இல்லக்கா. அன்னைக்கும் இருந்திருக்கக் கூடாது. பிள்ளையை எடுத்து, உள்ள கொண்டுவந்து, எல்லாரும் நின்னு முறையா ஜெபம் பண்ணி வைப்போம். சரியா?"

"தோட்டத்துல எந்த இடம் வேணுமோ நீங்களே சொல்லுங்கம்மா" என்றார் செயலாளர்.

சத்தக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கணவரைத் திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசையில் குழிக்காரர் பேயறைந்தவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"வேண்டாம்" என்றார். "இருக்கிற இடத்துல இருக்கட்டும்."

குழிக்காரர் கூட்டத்தில் பேசினார் என்பதே எல்லோருக்கும் ஓர் அதிர்ச்சி. "இருக்கிற இடத்துலயா? கக்கூசுக்கு அடியிலயா? நீயெல்லாம் ஒரு அப்பனாய்யா?" என்று சத்தக்கா பாய்ந்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த வாரம் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சத்தக்கா தன்னிடமிருந்த நல்ல புடவையில் ஒரு துண்டைக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்தாள், பிள்ளையைச் சுற்றி வைப்பதற்கு. "இவ்வளவு சின்னதா போதுமா? அவன் எவ்வளவு இருந்தான்? எனக்கு முகமே சரியா ஞாபகம் இல்ல பாருங்க" என்று தைத்துக்கொண்டே பேசினாள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பிப்பார். "நீங்க சொல்லி நான் கேட்டதெல்லாம் போதும்" என்று அவள் பிடித்துக்கொள்வாள். பிறகு அவருக்கு எங்கே இடம் கிடைக்கும்? அவள் நிறுத்தும்போது அவருக்குத் தைரியம் போயிருக்கும், அவருக்குத் தைரியம் வரும்போது அவள் நிறுத்தமாட்டாள்.

பின்சுவரை முந்தின நாளே இடித்துவிட்டார்கள். சனிக்கிழமை காலையில் மேஸ்திரி இரண்டு ஆட்களோடு வந்தார். போதகர் அங்கி போட்டுக்கொண்டு புத்தகத்தோடு நின்றார். சபையில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். செயலாளர் வெயிலுக்குக் குடையைப் பிடித்தபடி வந்து, அதை விரித்தபடியே சத்தக்காவிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. நித்தியகல்யாணியை வேரோடு தோண்டி ஒரு பழைய வாளியில் வைத்துவிட்டு, தைத்த துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குழியின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"மெதுவாய்யா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடப்பாரையை வைத்துவிட்டுக் கையால் மண்ணை வழித்தார்கள். முழங்கால் ஆழம் போனது. இடுப்பளவு போனது. ஒன்றும் இல்லை. இந்தப் பக்கம் கொஞ்சம் அகட்டினார்கள், அந்தப் பக்கம் அகட்டினார்கள். ஒரு மரச் சில்லு, ஓர் ஆணி, எதுவும் இல்லை.

மேஸ்திரி ஒரு கட்டி மண்ணை எடுத்து உடைத்துப் பார்த்துவிட்டு அவளிடம் வந்தார். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. இது கலைஞ்ச மண்ணு இல்ல. கட்டாந்தரை. இதுக்கு முன்னாடி இங்க யாரும் தோண்டினதே இல்ல."

சத்தக்காவுக்குத் தலையில் இடி விழுந்தது. தோண்டியதே இல்லையா? அப்படியென்றால் இத்தனை காலம் எதற்குத் தண்ணீர் ஊற்றினாள்? யார் முன்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்? கூட்டத்தில், "பாவம், துக்கத்துல ஏதோ மனசு..." என்று யாரோ முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. தான் பிள்ளை பெற்றதே பொய்யோ என்று அவளுக்கே ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணம் வேறு எந்தத் தாய்க்கும் வர வேண்டாம்.

"எங்க அந்த மனுஷன்?" என்று எழுந்தாள். "யோவ்! எங்கய்யா இருக்க?"

இடித்த சுவருக்கு அந்தப் பக்கம், கல்லறைத் தோட்டத்தின் நடுவில், பெரிய வீட்டம்மாவின் பளிங்குக் கல் மேல் குழிக்காரர் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் கல்லில் ஊன்றியிருந்தார். எழுந்திருக்க முடியாதவர் மாதிரி இருந்தார். சத்தக்கா போகிற வழியில் மரத்தில் சாய்த்து வைத்திருந்த துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். கூட்டம் பின்னாலேயே ஓடியது.

"அங்க இல்லையாமே. எம்பிள்ளையை என்ன பண்ணின? நாய்க்குப் போட்டியா? குப்பையில போட்டியா? சொல்லு!"

குழிக்காரர் உள்ளங்கையால், தான் உட்கார்ந்திருந்த கல்லை மெல்லத் தட்டினார்.

"இங்க" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. யாருக்குமே புரியவில்லை.

"அன்னைக்கு இந்தக் குழியை வெட்டிட்டிருந்தேன்" என்றார் அவர். வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக அவர் பேசியதில்லை. "மழை. எல்லாரும் பெரிய வீட்டுல இருந்தாங்க. தோட்டத்துல ஈ, காக்கா இல்ல. சுவத்துக்கு வெளிய வைக்க எனக்கு மனசு வரல. நான் எத்தனை பேருக்கு வெட்டியிருக்கேன், எம்பிள்ளைக்கு உள்ள ஒரு சாண் இடம் இல்லையான்னு இருந்துச்சு. குழிக்கு அடியில இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டினேன். பெட்டியை வெச்சேன். மண்ணைப் போட்டு மிதிச்சுச் சமமாக்கிட்டேன். சாயங்காலம் பெரியம்மா பெட்டியை அதுக்கு மேல இறக்கினாங்க. ஒருத்தருக்கும் தெரியாது."

சத்தக்கா துடைப்பத்தை ஓங்கினாள். ஓங்கியதோடு நிற்கவில்லை. சபைக்கு முன்னால், அங்கி போட்ட போதகருக்கு முன்னால், கட்டிய கணவரைத் தோளிலும் முதுகிலும் சாத்து சாத்தென்று சாத்தினாள். "அடப்பாவி! அடப்பாவி! ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? ஒரே ஒரு வார்த்தை!" யாரும் தடுக்கவில்லை. தடுக்க யாருக்கும் கை வரவில்லை. அவரும் நகராமல் வாங்கிக்கொண்டார்.

"சொல்லத்தான் வந்தேன்" என்றார். "நீ எந்திரிச்சு நடந்த அன்னைக்கு உன்னைத் தேடிட்டு வந்தேன். நீ அங்க உட்கார்ந்து செடி நட்டுட்டிருந்த. நீ பாட்டுக்கு இங்க வந்து நின்னு அழுதா எல்லாருக்கும் தெரிஞ்சிடும், தோண்டி எடுத்து வெளிய போட்டுடுவாங்கன்னு பயம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். செடி பெருசாயிடுச்சு."

செயலாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அது அவர் தாயின் கல்லறை. கல்லைப் பெயர்க்கச் சொல்வாரா, பிள்ளையை எடுக்கச் சொல்வாரா, போலீசுக்குப் போவாரா, யாருக்குத் தெரியும்?

"எங்கம்மா கூடவா?" என்றார்.

"அம்மாவுக்கு அடியில சார். அவங்களுக்கு ஒரு இடைஞ்சலும் இல்லாம ஆழமா வெச்சேன்." குழிக்காரர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்கப்பாதான் முதல் பிடி மண்ணு போட்டாரு. அப்ப இருந்த பெரிய போதகர் முழு ஜெபமும் பண்ணினாரு. ஊரே நின்னு பாடுச்சு. நான் மண்வெட்டியை வெச்சுக்கிட்டு ஓரமா நின்னேன். எல்லாம் எம்பிள்ளைக்கும்தான்னு நினைச்சுக்கிட்டேன்."

சத்தக்கா துடைப்பத்தைக் கீழே போட்டாள். தலையணையால் காதைப் பொத்திக்கொண்ட அந்தப் பாட்டு! அவனுக்கும் சேர்த்தா பாடினார்கள்? ஒரு வரி இல்லையே என்று இத்தனை காலம் வயிறெரிந்தாளே, அத்தனை வரியும் அவனுக்குமா?

அந்தக் கல்லின் மேல் ஒருநாளும் உட்காராத செயலாளர், குழிக்காரருக்குப் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார்.

"அம்மா சாகிறப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க" என்றார். "சாவுக்குப் பயப்படல. 'எல்லாரும் என்னைத் தனியா படுக்க வெச்சுட்டு வீட்டுக்குப் போயிடுவீங்களேடா'ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியல. இன்னைக்கு வரைக்கும் அது என்னை அறுத்துட்டே இருந்துச்சு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தக் கல்லை யாரும் தொட வேண்டாம். அவன் இருக்கட்டும். அவன் பேரையும் இதுலயே வெட்டிடலாம்."

"பேரு வைக்கலையே சார்" என்றாள் சத்தக்கா. அப்புறம் அவளுக்கு ஏதோ உறைத்தது. "உயிரோட இருக்கிறப்ப நான் துணைக்குப் படுத்தேன். செத்ததும் எம்பிள்ளையைப் படுக்க வெச்சுட்டாரா இந்த மனுஷன்? எங்க குடும்பத்துக்கே இதுதான் உத்தியோகமா?" என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் உடைத்துக்கொண்டு வந்தது. இரண்டும் ஒன்றாக வந்து அவளை உலுக்கி எடுத்தன. கூட்டத்தில் பாதிப் பேர் அழுதார்கள், மீதிப் பேர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார்கள்.

போதகர் புத்தகத்தைப் பிரித்தார். "ஜெபம் பண்ணலாமா?" என்று கேட்டார்.

"அது அன்னைக்கே ஆயிடுச்சு பாஸ்டர்" என்றார் குழிக்காரர்.

போதகர் கொஞ்சம் யோசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். மேஸ்திரி வெளியே போய்க் குழியை நிரப்பச் சொன்னார். ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். செயலாளர் விரித்த குடையைக் கல்லின் மேலேயே சாய்த்து வைத்துவிட்டு, மறந்தவர் மாதிரி வெயிலில் நடந்து போனார்.

புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் மிஞ்சினார்கள். சத்தக்கா கல்லின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். தைத்த துணி மடியில் கிடந்தது. கல்லை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். விளிம்பில் ஓர் இடம் மட்டும் மழுங்கி, நிறம் மங்கியிருந்தது. அது எதனால் என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஏங்க" என்றாள், அவளுக்கே கேட்காத குரலில். "தினமும் இதுமேல தட்டினேனே. துடைப்பத்தை வெச்சுத் தட்டினேனே. வாங்கிக்கோ, வாங்கிக்கோன்னு சொன்னேனே. நீங்க பாத்துட்டுதானே இருந்தீங்க? அப்பவாவது ஏன் தடுக்கல?"

குழிக்காரர் தைலப் புட்டியை எடுத்தார், திறக்காமல் கையில் வைத்துக்கொண்டார்.

"முதல்ல எனக்கும் மனசு கேக்கல" என்றார். "அப்புறம் நினைச்சேன், நான் பூ வைக்கிறது அவனுக்கு எப்படித் தெரியும்? பூவுக்குச் சத்தம் இல்லையே. நீ தட்டினாதான் அவனுக்குக் கேக்கும். அம்மா வந்திருக்கான்னு தெரியும்."

சத்தக்கா மடியில் கிடந்த துணியை எடுத்துக் கல்லின் மேல் விரித்தாள். பிறகு கீழே கிடந்த துடைப்பத்தை எடுத்து, அந்த மழுங்கிய விளிம்பில், டக், டக் என்று தட்டினாள்.